குதிரைக்குக் குடற்புழு மருந்து எப்போது கொடுக்க வேண்டும்? நேட்டாலில் குதிரை வளர்க்கத் தொடங்குபவர்களுக்கு

டர்பனைச் சுற்றி வெருலம், டொங்காட், ஷொங்வேனி பக்கம் கொஞ்சம் நிலம் வைத்திருக்கும் குடும்பங்கள் ஒன்றிரண்டு குதிரைகளை வாங்கி வளர்ப்பதுண்டு. பெரும்பாலும் அவை பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற தரோபிரெட் குதிரைகள். குறைந்த விலைக்குக் கிடைக்கும், பிள்ளைகளும் ஆசைப்படுவார்கள். ஆப்பிரிக்கக் குதிரை நோய்க்கான தடுப்பூசியை வருடம் தவறாமல் போட்டுவிடுகிறார்கள். அந்த நோய் எவ்வளவு வேகமாக உயிரைக் குடிக்கும் என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் இங்கே பலர். ஆனால் குடற்புழு விஷயத்தில் மட்டும் இன்னும் பழைய வழக்கமே நடக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கோ-ஆப் கடையில் ஏதோ ஒரு பேஸ்டை வாங்கி, எல்லாக் குதிரைகளின் வாயிலும் பீச்சிவிட்டு, நாட்காட்டியில் ஒரு கோடு கிழித்துவிடுகிறார்கள்.

இந்த வழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று சொல்லவே இதை எழுதுகிறேன். குடற்புழு நீக்கத்தில் ஒழுங்கு மிகவும் தேவை. ஆனால் அந்த ஒழுங்கு முதலில் இலத்திச் சோதனையில் இருக்க வேண்டும். சோதனை கேட்கும்போது, கேட்கும் குதிரைக்கு மட்டும் மருந்து போக வேண்டும்.

வயிற்றுக்குள் யார் இருக்கிறார்கள்?

புல் மேயும் குதிரை எதுவானாலும் அதன் வயிற்றில் புழு இருக்கும். அதற்காகப் பதற வேண்டியதில்லை. ஆரோக்கியமான வளர்ந்த குதிரை ஓரளவு புழுக்களைத் தாங்கிக்கொண்டு நன்றாகவே வாழும். எந்த வகைப் புழு, எவ்வளவு, எந்த வயதுக் குதிரையில் என்பதைப் பொறுத்தே ஆபத்து வருகிறது.

வளர்ந்த குதிரைகளில் இன்று மிக அதிகமாகக் காணப்படுவது சிறு ஸ்ட்ராங்கைல் என்னும் புழுக் கூட்டம். இதில் ஐம்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டரை ஒட்டிய நீளம்தான். இவற்றின் வாழ்க்கைச் சுழற்சியைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும். பெண்புழு இடும் முட்டைகள் இலத்தியோடு வெளியே விழுகின்றன. வெப்பமும் ஈரமும் இருந்தால் முட்டை பொரிந்து, ஏறத்தாழ ஒரு வாரத்தில் தொற்றக்கூடிய இளம்புழுவாக வளர்ந்துவிடுகிறது. மழையிலும் பனியிலும் அது இலத்தியை விட்டு நகர்ந்து புல்லில் ஏறிக்கொள்கிறது. குதிரை அந்தப் புல்லை மேய்கிறது. உள்ளே போன இளம்புழு பெருங்குடலின் சுவருக்குள் நுழைந்து, தன்னைச் சுற்றி ஓர் உறை கட்டிக்கொண்டு தங்கிவிடுகிறது. சில வாரங்களில் வெளிவருவதும் உண்டு. இரண்டு ஆண்டுகள் வரை உள்ளேயே கிடப்பதும் உண்டு.

இந்த உறக்கம்தான் என்னை மிகவும் கவலைப்பட வைக்கிறது. ஆயிரக்கணக்கான இளம்புழுக்கள் ஒரே சமயத்தில் குடற்சுவரைக் கிழித்துக்கொண்டு வெளியேறினால், குடல் முழுவதும் வீங்கிப் புண்ணாகிவிடும். குதிரைக்குத் திடீரென்று வயிற்றுப்போக்கு பிடிக்கும். சில நாட்களில் உடல் ஒட்டிவிடும். வயிற்றின் அடிப்பகுதி நீர் கோத்து வீங்கும். ஆறு வயதுக்கு உட்பட்ட குதிரைகளிடம் இது அதிகம். தீவிர சிகிச்சை அளித்தாலும் பாதிக் குதிரைகள் இறந்துபோகக்கூடிய நோய் இது. உறைக்குள் இருப்பவை முட்டை இடுவதில்லை என்பதால், அந்த நேரத்தில் இலத்தியைச் சோதித்தால் முட்டையே தென்படாமல் போகலாம். வயிற்றுப்போக்கோடு இலத்தியில் சிவப்பு நூல் துண்டுகள் போல் ஏதாவது நெளிந்தால், சோதனை முடிவுக்காகக் காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

பெரிய ஸ்ட்ராங்கைல் வேறு வகை. அதன் இளம்புழு குடலுக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனிக்குள் ஏறி, அதன் உட்சுவரைப் புண்ணாக்கும். அங்கே இரத்தம் உறைந்து, உறைந்த துண்டு விடுபட்டுக் கீழே ஓடி, குடலின் ஒரு பகுதிக்கு இரத்தம் போகாமல் அடைத்துவிடும். குதிரை கோலிக் என்னும் கடும் வயிற்று வலியில் விழுந்து புரளும். இந்தப் புழுவை ஒழிக்கத்தான் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மருந்து என்ற முறையே பிறந்தது. 1966இல் அமெரிக்காவின் கென்டகியில் ட்ரட்ஜ், லயன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அதை முன்வைத்தார்கள். அவர்களுடைய காலத்துக்கு அது சரியான யோசனை. பெரிய ஸ்ட்ராங்கைல் உண்மையிலேயே அரிதாகிப்போனது. ஆனால் பகை மாறிய பிறகும் ஆயுதத்தை அதே கணக்கில் வீசிக்கொண்டிருந்ததால், சிறு ஸ்ட்ராங்கைல்கள் மருந்துக்குப் பழகிவிட்டன.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாடாப்புழு சிறுகுடலும் பெருங்குடலும் சந்திக்கும் இடத்தில் ஒட்டிக்கொண்டு கோலிக் வரக் காரணமாகும். மேய்ச்சல் நிலத்து மண்ணில் வாழும் மிகச் சிறிய பூச்சிகளைப் புல்லோடு சேர்த்து விழுங்குவதால் இது தொற்றுகிறது. பாட் ஈ குதிரையின் முன்னங்கால் மயிர்களில் மஞ்சள் நிற முட்டைகளை ஒட்டிவைக்கும். குதிரை காலை நக்கும்போது அவை வாய்க்குள் போய், புழுவாகி, இரைப்பையில் பல மாதங்கள் தங்கும். இந்த முட்டைகளைக் கண்டால் சொரசொரப்பான கத்தியால் சுரண்டி எடுத்துவிடலாம். குதிரை வாலின் அடிப்பகுதியை வேலியில் தேய்த்துத் தேய்த்து மயிரை உதிர்த்தால், ஊசிப்புழுவாக இருக்கக்கூடும்.

இலத்தி சொல்லும் கணக்கு

முட்டை எண்ணும் சோதனை மிக எளிமையானது. அளந்து எடுத்த இலத்தியைச் செறிவான உப்புக் கரைசலிலோ சர்க்கரைக் கரைசலிலோ கரைத்து வடிகட்டுவார்கள். முட்டைகள் கரைசலைவிட லேசானவை என்பதால் மேலே மிதக்கும். கட்டம் போட்ட கண்ணாடித் தகட்டில் அதை ஊற்றி, நுண்ணோக்கியில் எண்ணி, ஒரு கிராம் இலத்தியில் இத்தனை முட்டை என்று கணக்கிடுவார்கள். கிராமுக்கு 200 முட்டைக்குள் இருந்தால் குறைவு, 200 முதல் 500 வரை நடுத்தரம், 500க்கு மேல் அதிகம் என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு.

நீங்கள் செய்ய வேண்டியது நல்ல மாதிரியை எடுத்துக் கொடுப்பது மட்டும்தான். குதிரை இலத்தி போட்டவுடன், எந்தக் குதிரை போட்டது என்று உறுதியாகத் தெரிந்த குவியலில் இரண்டு மூன்று உருண்டைகளை எடுத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை வெளியேற்றிக் கட்டுங்கள். குதிரையின் பெயரையும் தேதியையும் பையின் மேல் எழுதுங்கள். உடனே கொடுக்க முடியாவிட்டால் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்கலாம், உறையவைக்கக் கூடாது. டர்பன் வெயிலில் காரின் பின்சீட்டில் அரைநாள் கிடந்த மாதிரியில் முட்டைகள் பொரிந்துபோயிருக்கும். அதை எண்ணிப் பயனில்லை.

இந்தக் கணக்கு வளர்ந்த குதிரைகளைப் பற்றி ஓர் அருமையான உண்மையை வெளிப்படுத்துகிறது. ஒரு கூட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக் குதிரைகள்தான் மொத்த முட்டைகளில் 80 விழுக்காட்டை வெளியேற்றுகின்றன. மற்றவை ஒரே நிலத்தில் மேய்ந்தாலும் மிகக் குறைவாகவே வெளியேற்றும். இது பெரும்பாலும் அந்தந்தக் குதிரையின் எதிர்ப்புச் சக்தியைப் பொறுத்த இயல்பு. வருடத்துக்கு வருடம் அதிகம் மாறாது. ஒரு குதிரை நாளொன்றுக்கு 15 கிலோ இலத்தி போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கிராமுக்கு 500 முட்டை என்றால், அந்த ஒரு குதிரை மட்டும் ஒரே நாளில் 75 லட்சம் முட்டைகளை உங்கள் கிகுயு புல்லில் கொட்டுகிறது. அந்தக் குதிரை எது என்று தெரிந்துகொண்டு அதற்கு மருந்து கொடுத்தால், நிலத்தில் விழும் முட்டைகள் வெகுவாகக் குறைகின்றன. எது என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் கொடுப்பது வீண் செலவு. அதைவிடப் பெரிய நட்டம் ஒன்றும் உண்டு.

மருந்து கொடுத்தபின் உயிர் பிழைக்கும் புழுக்கள், அந்த மருந்தைத் தாங்கும் தன்மை உள்ளவை. அவை இடும் முட்டைகளிலும் அந்தத் தன்மை இருக்கும். மருந்தே படாத குதிரைகளின் வயிற்றிலும் நிலத்திலும் இருக்கும் சாதாரணப் புழுக்கள் இவற்றோடு கலந்தால், எதிர்ப்புத் தன்மை நீர்த்துப்போகும். உப்பு கூடிப்போன குழம்பில் தண்ணீர் விட்டுச் சரிசெய்வது போலத்தான் இது. எல்லாக் குதிரைகளுக்கும் ஒரே நாளில் மருந்து கொடுத்தால் அப்படிக் கலந்து நீர்க்கச் செய்யும் புழுக்களே மிஞ்சாது. ஃபென்பெண்டசோல் குழு மருந்துகளுக்குச் சிறு ஸ்ட்ராங்கைல்கள் உலகம் முழுவதும் பழகிவிட்டன. பைரன்டெல் பல இடங்களில் வலு இழந்துவிட்டது. மீதம் இருப்பது ஐவர்மெக்டினும் அதே குழுவைச் சேர்ந்த மாக்சிடெக்டினும். ஐவர்மெக்டினைக் கண்டுபிடிக்க வழிவகுத்ததற்காக வில்லியம் கேம்பெல், சதோஷி ஓமுரா இருவருக்கும் 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. அத்தனை அரிய மருந்து அது. 1980களில் அது குதிரைகளுக்கு வந்த பிறகு, இந்தப் புழுக்களுக்கு எதிராக வேறு புதிய மருந்துக் குழு எதுவும் வரவில்லை. இதையும் கைநழுவ விட்டால் அடுத்து எடுக்க ஒன்றுமில்லை.

தென்னாப்பிரிக்காவுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. தேவைப்படும் விலங்குக்கு மட்டும் மருந்து என்ற கொள்கையில் செம்மறியாட்டுக்காக ஃபமாச்சா என்ற முறையை உருவாக்கியதே இந்த நாடுதான். ஆட்டின் கண்ணிமையின் உள்பக்கம் எவ்வளவு வெளிறியிருக்கிறது என்பதை வண்ண அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்து, இரத்தசோகை உள்ள ஆட்டுக்கு மட்டும் மருந்து கொடுக்கும் முறை அது. குதிரையின் சிறு ஸ்ட்ராங்கைல் ஆட்டின் இரைப்பைப்புழுவைப் போல் இரத்தத்தை உறிஞ்சித் தீர்ப்பதில்லை. அதனால் கண்ணிமையைப் பார்த்துப் பயனில்லை. குதிரைக்கு இலத்திதான் அட்டை.

உங்களிடம் இருக்கும் மருந்து இன்னும் வேலை செய்கிறதா என்பதையும் இதே சோதனையால் அறியலாம். மருந்து கொடுக்கும் நாளில் ஒரு மாதிரியும் 14 நாள் கழித்து ஒரு மாதிரியும் எடுங்கள். முன்பு 600 இருந்தது பின்பு 150 ஆனால், எண்ணிக்கை 75 விழுக்காடுதான் குறைந்திருக்கிறது. அந்த மருந்து உங்கள் நிலத்துப் புழுக்களிடம் தோற்றுக்கொண்டிருக்கிறது. ஐவர்மெக்டின் கொடுத்தபின் எண்ணிக்கை ஏறக்குறைய பூச்சியத்துக்கு வர வேண்டும்.

தையும் ஆடியும்

இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகள் பெரும்பாலும் இங்கிலாந்தையும் அமெரிக்காவையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே சொல்லும் மாதங்களை அப்படியே பின்பற்றினால் நமக்குத் தலைகீழாகிவிடும். நாம் தைப்பூசக் காவடி எடுக்கும் நாட்களில் நேட்டாலில் கோடை மழை. வெயிலும் ஈரமும் சேர்ந்து முட்டை பொரிப்பதற்கு ஏற்ற காலம். மாரியம்மனுக்குக் கூழ் வார்க்கும் ஆடியில் இங்கே குளிர்காலம். மூயி ரிவர், நாட்டிங்ஹாம் ரோடு போன்ற மேட்டுப் பகுதிகளில் காலையில் உறைபனி, நாள் முழுவதும் வறட்சி. அப்போது முட்டை பொரிப்பது மந்தமாகிவிடும்.

ஆகவே மழை தொடங்கும் அக்டோபர் வாக்கில் எல்லாக் குதிரைகளின் இலத்தியையும் ஒரு முறை சோதியுங்கள். மழைக்கால நடுவில் இன்னொரு முறை. 500ஐத் தாண்டியவற்றுக்குக் கட்டாயம் மருந்து கொடுங்கள். நடுவில் நிற்பவற்றை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். சோதனை கேட்கும் குதிரைக்கு மட்டும் என்ற விதிக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு: மழை ஓய்ந்தபின், ஏப்ரல் மே மாதங்களில், வளர்ந்த குதிரைகள் எல்லாவற்றுக்கும் ஒரு முறை மருந்து கொடுப்பது நல்லது. மாக்சிடெக்டினும் நாடாப்புழுவைக் கொல்லும் பிராசிகுவான்டெலும் சேர்ந்த பேஸ்ட் இதற்குப் பொருத்தம். உறைக்குள் கிடக்கும் இளம்புழுவையும் பாட் புழுவையும் மாக்சிடெக்டின் எட்டும். முட்டை எண்ணிக்கை சரியாகக் காட்டிக்கொடுக்காத நாடாப்புழுவும், திரும்பி வரக் காத்திருக்கும் பெரிய ஸ்ட்ராங்கைலும் இந்த ஒரு மருந்தில் அடங்கும். குறைவாக முட்டை போடும் குதிரைக்கு வருடத்துக்கு இந்த ஒரு முறையே போதுமானதாக இருக்கலாம்.

டர்பன் கடற்கரையோரம் குளிர்காலத்திலும் வெப்பம் அதிகம் குறையாது. அங்கே இருப்பவர்கள் குளிர்காலத்திலும் ஒரு சோதனை செய்துகொள்ளட்டும். கேப் டவுன் பக்கம் உறவினர் குதிரை வளர்த்தால் அவர்களிடம் இந்த மாதங்களைச் சொல்லாதீர்கள். அங்கே மழை குளிர்காலத்தில் பெய்கிறது, கோடை வறண்டது. புழுக் காலமும் அதற்கேற்ப மாறும்.

மருந்தைவிட மண்வெட்டி

மேய்ச்சல் நிலத்திலிருந்து இலத்தியை வாரத்துக்கு இரண்டு முறை அள்ளி அப்புறப்படுத்துவதற்கு ஈடான புழு மருந்து எதுவும் இல்லை. மழைக்காலத்தில் முட்டை தொற்றும் புழுவாக மாற ஒரு வாரம் பிடிக்கும் என்று பார்த்தோம். அதற்குள் அள்ளிவிட்டால் சுழற்சி அறுந்துவிடும். அலுப்பான வேலைதான், ஆனால் இரண்டு மூன்று குதிரை வைத்திருப்பவருக்கு முடியாத வேலை இல்லை. அள்ளியதைக் குவித்து மக்கவிடுங்கள். குவியலின் உள்சூட்டில் முட்டையும் இளம்புழுவும் சாகும். ஈர இலத்தியை அப்படியே நிலத்தில் பரப்புவது மட்டும் வேண்டாம். குதிரைகள் இயல்பாகவே ஒரு மூலையில் இலத்தி போட்டுவிட்டு அங்கே மேயாமல் விலகியிருக்கும். அதைக் கிளறிப் பரப்பினால் அவை ஒதுக்கிவைத்த புழுவை நாமே தட்டில் வைத்துப் பரிமாறுவதாகிவிடும்.

மாடோ ஆடோ இருந்தால் குதிரை மேய்ந்த கேம்ப்பில், அதாவது வேலியிட்ட மேய்ச்சல் பகுதியில், அவற்றை மாற்றி மேய விடுங்கள். குதிரையின் ஸ்ட்ராங்கைல்கள் மாட்டின் வயிற்றில் பிழைக்காது. மாடு அவற்றை விழுங்கி அழித்துவிடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐவர்மெக்டின் பெரும்பாலும் இலத்தியோடுதான் வெளியேறுகிறது. அந்த இலத்தியில் முட்டையிடும் சாணவண்டுகளின் குஞ்சுகளை அது கொல்லும். நம் நிலத்தில் இலத்தியை உருட்டிப் புதைத்து, நமக்காக இலவசமாக வேலை செய்யும் உயிர் அது. தேவையில்லாத ஒவ்வொரு மருந்தும் அதன் வேலையைக் கெடுக்கிறது.

அளவும் ஆபத்தும்

மருந்தைக் குறைவாகக் கொடுப்பது கொடுக்காமல் இருப்பதைவிட மோசம். புழுவுக்கு அது பயிற்சி. கண்ணால் பார்த்து எடையை மதிப்பிடுபவர்கள் பெரும்பாலும் குறைத்தே சொல்வார்கள். முன்னங்காலுக்குப் பின்னால் மார்பின் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து பிட்டத்தின் முனைவரை உடல் நீளத்தையும் சென்டிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் வருவது கிலோ. சுற்றளவு 180, நீளம் 165 என்றால் 450 கிலோ. பேஸ்ட் சிரிஞ்சில் உள்ள வளையத்தை அந்த எடைக்கு, அல்லது அதற்குச் சற்று மேலே நகர்த்துங்கள். வாயில் புல் இல்லாமல் பார்த்துக்கொண்டு, நாக்கின் பின்பக்கம் வைத்து அழுத்தி, தலையைச் சிறிது நேரம் உயர்த்திப் பிடியுங்கள். கீழே சிந்தியதை நாய் நக்காமல் உடனே துடையுங்கள். கோலி இன நாய்கள் பலவற்றுக்கு ஐவர்மெக்டின் சிறிதளவே உயிருக்கு உலை வைக்கும்.

மாட்டுக்கான ஐவர்மெக்டின் ஊசியைக் குதிரைக்குப் போடாதீர்கள். ஊசி போட்ட இடம் வீங்கிச் சீழ் பிடித்து உயிருக்கே ஆபத்தாகலாம். மாக்சிடெக்டினை ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கும் எலும்பு தெரிய இளைத்த குதிரைக்கும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. வேப்பிலை கொடுத்தால் புழு போகும் என்று நம் பாட்டிமார் சொன்னதை நினைத்துக்கொண்டு, அம்மன் வழிபாட்டில் வேம்புக்குப் பதிலாக இங்கே நாம் பயன்படுத்தும் சிரிங்கா இலையையும் காயையும் குதிரைக்குக் கொடுக்க நினைக்கலாம். வேண்டவே வேண்டாம். வேம்பின் உறவுமரம் என்றாலும் சிரிங்காவின் பழம் கால்நடைகளுக்கு நஞ்சு.

குட்டிகளுக்கு இதுவரை சொன்ன கணக்கு பொருந்தாது. ஒரு வயதுக்குள் அவற்றை மிரட்டுவது, 50 சென்டிமீட்டர் வரை வளரக்கூடிய வெள்ளை உருண்டைப்புழு. இதன் இளம்புழு கல்லீரல், நுரையீரல் வழியாகச் சுற்றி, இருமலில் மேலே வந்து, விழுங்கப்பட்டுக் குடலுக்குத் திரும்பும். குட்டி இருமினால், வளராமல் வயிறு மட்டும் உப்பி மயிர் சொரசொரத்திருந்தால், இதைச் சந்தேகியுங்கள். இந்தப் புழு பல நாடுகளில் ஐவர்மெக்டினுக்குப் பழகிவிட்டது. அதனால் இரண்டு மூன்று மாத வயதில் கொடுக்கும் முதல் மருந்து பெரும்பாலும் ஃபென்பெண்டசோலாக இருக்கும். நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் இரண்டாவது, அதன்பின் ஒன்பது மாதத்திலும் ஒரு வயதிலும். வயிறு நிறையப் புழு உள்ள குட்டிக்கு மருந்து கொடுக்கும்போது, செத்த புழுக்கள் கயிறு போல் திரண்டு குடலை அடைத்துக் கிழித்துவிடக்கூடும். எனவே முதல் மருந்தை மருத்துவர் சொல்லாமல் கொடுக்க வேண்டாம்.

ஏலத்திலோ பந்தய லாயத்திலிருந்தோ புதுக் குதிரை வாங்கினால், விற்றவர் "நேற்றுத்தான் மருந்து கொடுத்தேன்" என்று சொன்னாலும், நேரே மேய்ச்சல் நிலத்தில் விடாதீர்கள். அந்த லாயத்தில் பழகிய புழுக்கள் உங்கள் நிலத்தில் ஒருமுறை விழுந்துவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. தனி இடத்தில் கட்டி, டெஃப் என்ற புல்லின் வைக்கோலும் தண்ணீரும் வைத்து, இலத்தியைச் சோதித்து, மாக்சிடெக்டினும் பிராசிகுவான்டெலும் கொடுங்கள். அதன் இலத்தியைத் தனியே அள்ளிக் குவியுங்கள். 14 நாள் கழித்து மறுபடி எண்ணும்போது கணக்கு பூச்சியத்தை ஒட்டி வந்தால் மற்றக் குதிரைகளோடு மேய விடலாம். வராவிட்டால், மருத்துவர் வேறு வழி சொல்லும் வரை அது தனியாகவே நிற்கட்டும்.